கத்தாதீங்க... முகம் பார்த்துப் பேசுங்க!

'கொஞ்சம் சத்தமா பேசேன்' என்பார் தாத்தா. சத்தமாகப் பேசினாலோ, 'ஏன் கத்தறே? நான் என்ன செவிடா?' என்று கோபிப்பார். 'வேண்டியது மட்டும் அவருக்கு நல்லாக் கேட்கும்' என்று வீட்டில் கேலி வேறு!

பெரியவர் நடிக்கவில்லை. வயதான காதின் இயல்பு அது.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதில் சுமார் 15,000 நுண்ணிய மயிரிழைச் செல்கள். கெட்டுப்போனால் மறுபடி முளைக்காது. கீச்சொலிகளைப் பிடிக்கும் செல்கள்தான் முதலில் தேயும். அதனால்தான் மகன் பேசுவது புரியும். பேத்தியின் மெல்லிய குரல் புரியாது.

பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, கேட்டுவிடும். க, ச, த, ப நழுவிவிடும். கடை, சடை, தடை, படை எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். கத்தினால் உயிரொலிதான் பெருத்து காதில் இடிக்கும், வார்த்தை தெளியாது.

தைலம் உதவுமா?

'காதுக்கு ஒரு தைலம் கொடுங்க' என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. சித்த மருத்துவனாக இருந்தும் சொல்கிறேன்: தேய்ந்த செல்லை எந்தத் தைலமும் துளிர்க்க வைக்காது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் கெடுதலே செய்யும். சிலருக்குக் குறும்பி அடைப்புதான் காரணம். டாக்டர் எடுத்துவிட்டால் கேட்டுவிடும். ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதுவும் வேண்டாம். காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். தேவையென்றால் காது மிஷின் போடத் தயங்காதீர்கள். பழகச் சில வாரங்கள் ஆகும். மேஜைக்குள் போட்டுவிடக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* டி.வி.யை அணைத்துவிட்டு, எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுங்கள். உதடும் பாதி சொல்லும்.
* பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு விஷயத்துக்கு வாருங்கள்.
* குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொல்லுங்கள்.
* புரியவில்லையா? அதே வாக்கியத்தைத் திருப்பாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.
* மருந்து வேளை, பணக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஓரிரு நாளில் திடீரென்று காது கேட்காமல் போனால் அது முதுமை அல்ல, அவசரம். அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.

'ஒண்ணுமில்லே, விடுங்க' என்ற வார்த்தைதான் பெரியவர்களை மூலையில் உட்கார வைக்கிறது. மறதி நோய்க்கான அபாயங்களில் கேட்கும் திறன் குறைவையும் சேர்த்திருக்கிறது 2024-ல் வெளியான லான்செட் குழு அறிக்கை. ஆகவே, இன்னொரு தரம் சொல்லுங்கள். அலுக்காமல் சொல்லுங்கள்!