ஸ்டார்ட்டர் பெட்டியில் சத்தமா?

பச்சைப் பொத்தானை அழுத்துகிறீர்கள். மோட்டார் ஓடவில்லை. உறுமல் மட்டும் கேட்கிறது. அல்லது ஸ்டார்ட்டர் பெட்டி 'டர்ர்' என்று அதிர்கிறது. பயிர் வாடுகிறது. கரண்ட் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும். என்ன செய்வது?

சிலர் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு குச்சியைச் செருகிவிடுகிறார்கள். மோட்டார் ஓடும். ஆனால் இது உயிரோடு விளையாடும் விளையாட்டு. ஏன் தெரியுமா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உள்ளே இருக்கும் முக்கியமான பாகம் கான்டாக்டர். அதில் காயில் என்னும் கம்பிச் சுருள் உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயிலில் கரண்ட் பாயும். காயில் காந்தமாகி ஓர் இரும்புக் கட்டையை இழுக்கும். கட்டையோடு மூன்று பாயிண்டுகள் நகர்ந்து, எதிரே உள்ள பாயிண்டுகளோடு சேரும். மூன்று பேஸ் கரண்டும் மோட்டாருக்குப் போகும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் காந்தம் விட்டுவிடும். ஸ்பிரிங் பாயிண்டுகளைப் பிரிக்கும்.

மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால், ரிலே என்னும் பாகம் காயிலின் கரண்டை நிறுத்தும். மோட்டார் தப்பிக்கும். குச்சி செருகியிருந்தால்? காந்தம் விட்டாலும் குச்சி விடாது. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடும். அந்த நேரம் ஒருவர் கிணற்றில் இறங்கி மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

பாயிண்டு ஏன் தேய்கிறது?

பாயிண்டுகள் சேரும்போதும் பிரியும்போதும் தீப்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் உலோகத்தைத் தின்னும். வோல்டேஜ் குறைந்தால் காந்தம் உறுதியாகப் பிடிக்காது. கட்டை துடிக்கும். அதுதான் 'டர்ர்' சத்தம். அப்போது பாயிண்டு சீக்கிரம் கருகும். எறும்பும் தூசியும் புகுந்தாலும் கெடும்.

மூன்றில் ஒன்று சேராவிட்டால் மோட்டாருக்கு இரண்டு பேஸ்தான் போகும். மோட்டார் உறுமும். சூடாகும். கருகிவிடும். பாயிண்டு செட் வாங்க ஆகும் செலவு சிறியது. மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவு பெரியது.

சில சமயம் பாயிண்டுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. உடனே மெயினை நிறுத்துங்கள்.

எப்படி மாற்றுவது?

பெட்டிக்குள் இருப்பது 415 வோல்ட். தொழில் தெரிந்த எலக்ட்ரீசியனை அழையுங்கள். அவர் செய்வதை அருகில் இருந்து கவனியுங்கள்.

1. மெயினை நிறுத்த வேண்டும். மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். 'இப்போது கரண்ட் கட்டுதானே' என்று இருந்துவிடக் கூடாது. கரண்ட் சொல்லிவிட்டு வருவதில்லை.

2. மூன்று பேஸிலும் கரண்ட் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

3. எந்த வயர் எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் எழுத்து இங்கே உதவும். வயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

4. கறுத்திருந்தால் மட்டும் பாயிண்டை மாற்ற வேண்டியதில்லை. குழி விழுந்து மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். அரமோ உப்புத்தாளோ போட்டுத் தேய்க்கக் கூடாது. மேலே இருப்பது வெள்ளி கலந்த உலோகம். தேய்த்தால் அது போய்விடும்.

5. ஒன்று தேய்ந்தாலும் முழு செட்டையும் ஸ்பிரிங்கோடு மாற்றுவது நல்லது. அதே கம்பெனி, அதே அளவு வாங்குங்கள். காயிலையும் மாற்றினால், பழைய காயிலில் உள்ள வோல்ட் எண்ணைப் படித்து, அதே எண் உள்ளதை வாங்குங்கள்.

6. எல்லாத் திருகுகளையும் இறுக்க வேண்டும். தளர்ந்த திருகு சூடாகி வயரைக் கருக்கும்.

புதுப் பாயிண்டும் சீக்கிரம் கருகினால், வோல்டேஜைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கலந்து பேசுவோம்

உங்கள் ஊரில் ஸ்டார்ட்டரில் குச்சி செருகுகிறார்களா? அவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?