உள்ளமும் சொல்லும்

உளவியலையும் ஆங்கில இலக்கியத்தையும் ஒருசேரப் படிக்க விரும்பும் மாணவரை நோக்கி, "இரண்டு தோணியில் கால் வைக்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஒன்று சோதனையையும் கணக்கையும் சார்ந்தது. மற்றொன்று கற்பனையையும் சொல்லையும் சார்ந்தது. இவ்விரண்டிற்கும் என்ன உறவு என்பது அவர்களுடைய ஐயம். இளநிலைப் பட்டத்தில் இரண்டையும் பயின்று, இன்று உளவியலில் முதுநிலை அறிவியல் படிக்கும் மாணவன் என்ற முறையில், அந்த ஐயத்திற்கு விடை கூற முயல்கிறேன்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு பாடம் முதன்மையாகவும் மற்றவை துணையாகவும் அமையும். கர்நாடகத்திலோ கலைப் பட்டத்திற்கு மூன்று பாடங்களைச் சம அளவில் பயிலும் முறை நெடுங்காலம் நிலவியது. 2021இல் புதிய தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அது மாற்றப்பட்டது. 2024இல் மாநில அரசு மூன்றாண்டுப் பட்டத்திற்கே திரும்பியது. உளவியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு சமூகவியலோ இதழியலோ சேர்த்துப் படிப்பது பெங்களூரு மாணவருக்குப் புதியதன்று.

உளவியல் துறையும் இந்நாட்டுக்குப் பழையதே. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அது வேரூன்றியது. சென்னையில் அதை வளர்த்தவர் பேராசிரியர் ஜி. டி. போவாஸ். மைசூரில் வளர்த்தவர், இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற பேராசிரியர் எம். வி. கோபாலசாமி. 1935இல் மைசூரில் தம் இல்லத்திலேயே 'ஆகாசவாணி' என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கியவரும் அவரே. மனத்தை அளக்கக் கற்றவர், மக்களோடு பேசவும் வழி தேடினார்.

இனி, இரு துறைகளின் உறவைக் காண்போம். நம் எண்ணங்கள் துண்டு துண்டாக வருவதில்லை, ஆற்று நீர்போல் ஓடிக்கொண்டே இருக்கின்றன என்பதை 1890இல் 'நனவோட்டம்' என்ற சொல்லால் விளக்கியவர் வில்லியம் ஜேம்ஸ் என்னும் உளவியலறிஞர். அவருடைய தம்பி ஹென்றி ஜேம்ஸ் பெயர்பெற்ற நாவலாசிரியர். அண்ணன் வழங்கிய அச்சொல்லை 1918இல் மே சின்கிளேர் என்னும் எழுத்தாளர் நாவலுக்குப் பயன்படுத்தினார். ஜாய்ஸையும் வர்ஜீனியா உல்ஃபையும் பற்றி இன்று இலக்கிய மாணவன் எழுதும் விடையில் அச்சொல் இல்லாமல் இராது.

கேம்பிரிட்ஜ் ஆசிரியர் இருவர் மூன்றாண்டு இடைவெளியில் வெளியிட்ட இரண்டு நூல்களும் இங்கே நினைக்கத் தக்கவை. இலக்கிய ஆசிரியரான ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பதின்மூன்று கவிதைகளைக் கவிஞர் பெயரை மறைத்து மாணவரிடம் கொடுத்தார். அவர்கள் எழுதிய கருத்துகளைத் தொகுத்து 1929இல் வெளியிட்டார். நன்கு படித்தவர்களும் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டமை அதனால் வெளிப்பட்டது. உளவியலறிஞரான பார்ட்லெட் அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கச் செய்து, பிறகு அதை நினைவிலிருந்து எழுதச் சொன்னார். எழுதியவர்கள் தமக்குப் பழக்கமில்லாதவற்றை விட்டனர். சிறு ஓடத்தைத் தம் ஊர்ப் படகாக மாற்றினர். நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று 1932இல் அவர் நிறுவினார். இலக்கியம் கற்பித்தவர் சோதனையை நாடினார். சோதனை செய்தவர் கதையை நாடினார்.

ஆயின் இரண்டும் ஒன்றல்ல. உளவியல் பலரைப் பார்த்துப் பொதுவிதி காண்கிறது. இலக்கியம் ஒருவனை உற்றுப் பார்க்கிறது. முதல் உலகப் போரில் குண்டு அதிர்ச்சியால் மனம் கலங்கிய வீரர்களைப் பற்றி 1915இலேயே மருத்துவ இதழில் மையர்ஸ் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1925இல் உல்ஃப் தம் 'மிஸஸ் டாலோவே' நாவலில் செப்டிமஸ் என்ற வீரனைப் படைத்தார். ஒரு மருத்துவர் அவனுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார்; மற்றொருவர் ஓய்வில்லத்திற்கு அனுப்ப முனைகிறார். அவன் சொல்வதை இருவரும் கேட்கவில்லை. நோயின் பெயரை முதற்கட்டுரை தந்தது. பெயரிட்ட பின்னும் கேட்கப்படாத மனிதனை நாவல் காட்டியது.

எச்சரிக்கையும் வேண்டும். ஹாம்லெட்டை நோயாளியாகக் கொண்டு எர்னஸ்ட் ஜோன்ஸ் 1949இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் நாடகத்திற்கு வெளியே ஹாம்லெட்டுக்குக் குழந்தைப் பருவம் ஏது? மறுபுறம், நல்ல கதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை உணரும் ஆற்றல் கூடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு கூறியபோது இலக்கிய அன்பர்கள் மகிழ்ந்தனர். 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பயன் தென்படவில்லை. விரும்பிய முடிவையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது உளவியல் இலக்கிய மாணவனுக்குத் தரும் பாடம்.

இதனால் நமக்கு ஆவது என்ன? என் ஊராகிய கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். சுரங்க வேலைக்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அங்கே மிகுதி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வேலைக்காக விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறுவோர் பலர். இம்மக்களின் மனநலத்தை அறிய விரும்பும் மாணவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்த வினாத்தாள். ஆங்கிலேயர் துயரத்தை நீல நிறத்தோடு சேர்த்துப் பேசுவர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நம் பாட்டிக்கு என்ன விளங்கும்? அதனால்தான், ஒருவர் தமிழாக்கியதை மூலத்தைப் பாராத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறை உளவியலில் உள்ளது. அதுவும் போதாது. நம் மக்கள் "நெஞ்சு பாரமா இருக்கு" என்பர். "அடிவயிறு கலங்குது" என்பர். தங்கவயலில் நெஞ்சுப் பாரம் என்றால் அது துயரமாகவும் இருக்கலாம்; கல்தூளால் நுரையீரலைப் பற்றும் சிலிகோசிஸ் நோயாகவும் இருக்கலாம். உருவகம் என்று உடலை மறந்தாலும் தவறு. உடல் என்று உள்ளத்தை மறந்தாலும் தவறு. ஒரு சொல் இரண்டு பொருள் தரும்போது அவசரப்படாமல் நின்று கேட்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது கவிதை வகுப்பு. கேட்டதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தந்தது ஆய்வுக்கூடம்.

இந்த இணைப்பு மேனாட்டார் நமக்கு அளித்த புதுப்பொருள் என்றும் எண்ண வேண்டியதில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கூறுகிறது. அழுகை பிறப்பது பிறர் இகழ்வதால், இழப்பால், முன்னைய நிலை மாறிப்போவதால், வறுமையால். இவற்றுள் மூன்றாவதைத் தனியே எண்ணிய நுட்பத்தை நோக்குங்கள். பொருளை இழப்பது வேறு; பழைய நிலையே மாறிப்போவது வேறு. சுரங்கம் மூடிய ஊரில் பிறந்தவர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை. ஆனால், இன்றைய வினாத்தாள் இவ்விரண்டையும் பிரித்துக் கேட்கிறதா என்பது ஆராயத் தக்கது.

ஆதலின், இப்பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் தம்பி தங்கையருக்கு ஒன்று சொல்வேன். புள்ளியியலுக்கு அஞ்சி இலக்கியத்தில் ஒளிந்துகொள்ளாதீர்கள். முதுநிலையில் அது தேடி வந்து பிடிக்கும். மதிப்பெண்ணுக்காக நாவலின் சுருக்கத்தை மட்டும் படிக்காதீர்கள். சுருக்கத்தில் மனிதன் இருப்பதில்லை. இரண்டையும் ஆங்கிலத்தில் கற்றாலும், கற்றதை வீட்டாரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே நாக்குத் தடுமாறுகிறதோ, அங்கே நாம் செய்ய வேண்டிய வேலை காத்திருக்கிறது.