வண்டலூர்ப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

உயிரியல் பூங்கா சென்னை மூர் மார்க்கெட் பக்கமிருந்து 1985-ல் வண்டலூருக்கு வந்தது. அதற்கு முன்பு வண்டலூர் ஏரித் தண்ணீரை நம்பியிருந்த கிராமம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், வரப்போரத்து மரத்தில் புடவைத் தூளி கட்டிக் கைக்குழந்தையைப் போடுவார்கள். ஆட்டிவிட ஆறேழு வயது அக்கா இருப்பாள். அவளுடைய பள்ளிக்கூடம் அதோடு சரி.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் அரசுப் பணம் நுழைந்த கதைக்குச் சென்னைக்காரர் ஒருவருக்கு நன்றி சொல்லவேண்டும். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு சிறுகுழந்தைகள் பற்றி 1972-ல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்றே மீனாவைப் பலருக்குத் தெரியும், அது நியாயமில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடங்களோடு குழந்தைகள் நல மையங்களிலும் உலை கொதித்தது. இரண்டு வயது வாண்டு சோற்றுக்காகப் போனது, சாப்பிட்ட கையோடு பாயில் உருண்டு தூங்கியது. அம்மா கவலையில்லாமல் கழனிக்குப் போனாள், அக்கா ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சோறு போடத்தான் பணம் ஒதுக்கினார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இலவச இணைப்பாகக் கிடைத்தது.

இன்றைக்கும் தமிழ்நாட்டின் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. மாறிப்போனது அம்மாவின் வேலை. கழனி இல்லை, மறைமலை நகர், ஒரகடம், சிறுசேரி என்று கம்பெனி பஸ் பிடிக்க விடிகாலையிலேயே மேம்பாலத்தடியில் நிற்கிறாள். 2017 சட்டத் திருத்தம் 26 வாரப் பேறுகால விடுப்பு தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும் என்றும் சொன்னது. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவளுக்குப் பெரும்பாலும் இதில் எதுவும் எட்டுவதில்லை. விடுப்பு கிடைத்தவளுக்கும் ஆறாம் மாதத்தில் அது தீர்ந்துவிடுகிறது, அங்கன்வாடியோ இரண்டு வயதில்தான் சேர்த்துக்கொள்ளும். அதுவரை சத்துமாவுப் பாக்கெட்தான் வீட்டுக்கு வரும். நடுவிலுள்ள ஒன்றரை வருடத்துக்குத் திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ மாமியார் வந்து உட்காரவேண்டும், இல்லாவிட்டால் தனியார் காப்பகத்துக்குச் சம்பளத்தில் பெரும்பங்கை எண்ணிவைக்கவேண்டும்.

புதிதாக மையம் தொடங்கலாமே என்றால், வாடகை குறுக்கே நிற்கிறது. சொந்தக் கட்டடம் இல்லாத அங்கன்வாடிக்கு மத்திய விதி தரும் மாத வாடகை பெருநகரில் ஒன்று, நகரில் அதைவிடக் குறைவு, கிராமத்தில் மிகக் குறைவு. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் உள்ளே போயின, அடுத்திருந்த வண்டலூர் ஊராட்சியாகவே நின்றது. அதனால் கிடைப்பது கிராம வாடகைதான், அந்தத் தொகைக்கு இங்கே பைக் நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

2022-ல் வந்த மத்திய அரசின் 'பால்னா' திட்டம் ஆறு மாதக் குழந்தையிலிருந்தே சேர்த்துக்கொள்கிறது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த, நாடு முழுக்க 17,000 என்று இலக்கு வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் காப்பகம் திறந்திருப்பது நாளுக்கு ஏழரை மணி நேரம்தான். எட்டு மணி நேர ஷிப்ட், போக வர இரண்டு மணி நேரம் என்றிருப்பவளுக்கு இந்தக் கணக்கு எங்கே உதைக்கும் என்று, ஜி.எஸ்.டி. சாலையில் சாயங்காலம் ஒருமுறை பஸ் ஏறியவருக்குத் தெரியும். புதுக் கட்டடத்துக்கு நிதி ஒதுக்கினால் திறப்புவிழாவும் கல்வெட்டும் உண்டு. நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பிள்ளைகளோடு இருக்க இன்னொரு ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தால் கல்வெட்டு கிடையாது, அந்தச் செலவைத்தான் முதலில் செய்யவேண்டும்.