உஷார்! ஒரு கண் மட்டும் மங்கினால் சாலை ஏமாற்றும்

ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண் தெளிவு. “ஒரு கண்ணுதான் நல்லா தெரியுதே, சமாளிச்சுக்கலாம்” என்று பைக் ஓட்டுபவரா நீங்கள்? இதைப் படித்துவிட்டுச் சாவியை எடுங்கள்.

மங்கலை விடப் பெரிய ஆபத்து தாமதம். வெளிச்சம் குறைவாகச் சேரும் கண், மூளைக்குச் செய்தி அனுப்பச் சில மில்லி விநாடிகள் பிந்துகிறது. நிற்கும் பொருளைப் பார்க்கையில் இதனால் பாதகமில்லை. குறுக்கே ஓடும் பொருளில்தான் வினை. நல்ல கண் அது இப்போது இருக்கும் இடத்தைச் சொல்ல, மங்கிய கண் சற்று முன் இருந்த இடத்தைச் சொல்கிறது. மூளையோ இரண்டையும் ஒரே நேரத்துச் செய்தி என்று நம்பி, அந்த வித்தியாசத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறது. வண்டி ஓரிடத்தில் இருக்க, வேறிடத்தில் தெரிகிறது.

இதற்குப் பெயர் புல்ஃபிரிக் விளைவு. ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் கார்ல் புல்ஃபிரிக் 1922-இல் இதை விளக்கினார். ஒரு கண்ணில் பார்வை இழந்திருந்ததால், அவரால் மட்டும் இதைப் பார்க்க முடியவில்லை. காரணம், இந்த மயக்கம் வர இரண்டு கண்ணும் வேலை செய்தாக வேண்டும்.

நம் சாலையில் இதன் விபரீதத்தைக் கவனியுங்கள். மங்கிய கண் பக்கமிருந்து நல்ல கண் பக்கம் நகரும் பொருள், இருப்பதை விடத் தள்ளித் தெரியும். இடப்பக்கம் வண்டி ஓடும் நம் ஊரில், பக்கத்துத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும்போது அருகில் பாயும் வண்டிகள் வலமிருந்து இடமாகவே போகும். வலது கண் இருண்டவருக்கு அவை தூரத்தில் போவதாகத் தோன்றும். “இடம் இருக்கிறது” என்று நம்பி முன்சக்கரத்தை நீட்டுவார்.

வெள்ளெழுத்துக்காக ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் பொருத்தும் ‘மோனோவிஷன்’ லென்ஸ் போட்டவர்களும் கவனியுங்கள். இங்கே நடப்பது நேர்மாறு: வெளிச்சம் குறையாமல் கலங்கலாக மட்டும் தெரியும் கண், தெளிவான கண்ணை முந்திச் செய்தி அனுப்புகிறது என்று 2019-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோஹன்னஸ் பர்ஜ் குழு காட்டியது. 5 மீட்டர் தூரத்தில் மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் சைக்கிளின் தூரத்தைக் கணிப்பதில் 2.8 மீட்டர் வரை பிசகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு குறுகிய தெருவின் ஒரு தடத்து அகலம் அது!

யார் யார் உஷாராக இருக்க வேண்டும்?

• ஒரு கண்ணில் மட்டும் புரை உள்ளவர்கள், ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து மறு கண்ணுக்குக் காத்திருப்பவர்கள்.
• பார்வை நரம்பு அழற்சி வந்து போனவர்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தாலும் நரம்பின் தாமதம் நீடிக்கலாம்.
• ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்திருப்பவர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். நூலில் ஒரு சாவியைக் கட்டி, எதிரே ஒருவரை நேராக இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லுங்கள். இரு கண்ணாலும் பாருங்கள். சாவி முன்னும் பின்னும் நீள்வட்டமாகச் சுற்றுவதாகத் தெரிந்தால், கண் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். அப்படித் தெரியவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

மோனோவிஷன் லென்ஸை நீங்களாகக் கழற்றிப் போட வேண்டாம். வண்டி ஓட்டும்போது என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு கண் திடீரென மங்கி, கண்ணை அசைத்தால் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

“மறு கண்ணு ஆபரேஷனைப் பண்டிகை முடிஞ்சு பார்த்துக்கலாம்” என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேதியை இன்றே கேட்டு வாங்குங்கள். அதுவரை அவர்கள் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.