தைலமரத் தளிருக்குள் வளரும் குளவி

நட்டு ஆறு மாதமான தைலமரத் தோப்பில் குருத்து வளைந்து, இலைகள் சுருண்டு, காம்புகள் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால், அதை உரச்சத்துக் குறைபாடு என்று எண்ணிவிடக் கூடாது. அது மிகச் சிறிய ஒரு குளவியின் வேலை. நாலைந்து ஆண்டுகளில் காகித ஆலைக்கு வெட்டி விற்கலாம் என்று ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கரில் மரம் வைத்த விவசாயிக்கு, முதல் ஆண்டிலேயே குருத்து நின்றுபோனால் வெட்டும்போது எடை குறையும்.

எங்கிருந்து வந்தது?

தைலமரத்தைப் போலவே இக்குளவிக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியாவே. 2000-ஆம் ஆண்டில் மத்தியதரைக்கடலை ஒட்டிய நாடுகளில் தென்பட்டது. 2004-இல் 'லெப்டோசைபி இன்வேசா' என்று பெயரிடப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பரவிவிட்டது.

வாழ்க்கைப் பருவங்கள்

தாய்க்குளவி கருநிறமானது, ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஆண் துணையின்றியே பெருகக் கூடியது. இளந்தளிரின் நடுநரம்பு, காம்பு, பச்சைத்தண்டு ஆகியவற்றைத் துளைத்து உள்ளே முட்டையிடும். அந்த இடத்தில் முதலில் தக்கை போன்ற தழும்பு தோன்றும். பின்னர் பச்சை முடிச்சாகப் பருத்து, பளபளக்கும் இளஞ்சிவப்பாகி, கடைசியில் நிறம் மங்கும். காலில்லாத வெண்ணிறப் புழு முடிச்சுக்குள்ளேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும். பிறகு வட்டத் துளையிட்டுக் குளவியாக வெளியேறும். முட்டை முதல் குளவி வரை சுமார் நாலரை மாதம் ஆவதாக இஸ்ரேலில் கண்டறிந்துள்ளனர். வெளியே வந்த குளவியின் ஆயுளோ சில நாட்களே.

என்ன செய்யலாம்?

வாழ்நாளில் பெரும்பகுதியை முடிச்சுக்குள் கழிப்பதால், மேலே தெளிக்கும் மருந்து புழுவை எட்டுவது அரிது. மருந்துக்குச் செலவிடுவதைவிடக் கன்றைப் பார்த்து வாங்குவதே மேல். நாற்றுப் பண்ணையில் கன்றின் நடுநரம்பையும் காம்பையும் தடவிப் பாருங்கள். ஒரு முடிச்சு இருந்தாலும் அக்கன்று வேண்டாம். எல்லாக் குளோன்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. தாக்குதலைத் தாங்கும் குளோன்களைக் கேட்டு, ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கலந்து நடுங்கள்.

நாற்றங்காலில் முடிச்சு கண்ட கன்றுகளைத் துளை விழும் முன்பே பிடுங்கி எரித்துவிட வேண்டும். துளை விழுந்துவிட்டால் குளவி பறந்துவிட்டது என்றே பொருள். மரம் வெட்டிய பின் கட்டையில் தழைக்கும் துளிர்களையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இளந்துளிரைத்தான் குளவி நாடும்.

இக்குளவிக்கும் எதிரி உண்டு. முடிச்சுக்குள் இருக்கும் புழுவை அழிக்கும் 'குவாட்ராஸ்டிகஸ் மெண்டலி' என்னும் ஒட்டுண்ணிக் குளவி இந்தியாவிலும் நிலைபெற்றுள்ளது. கண்டபடி மருந்து தெளித்தால் முதலில் மடிவது இந்த நண்பனே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.