பூனைக்கு வைத்த பந்தி

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் தலை எண்ணியவன் நான். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது எண்ணுவது கோழித் தலைகளை. பாளையங்கோட்டைக்கு வெளியே வீடு. பின்பக்கம் கொஞ்சம் காலியிடம், ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, மதிலுக்கு அப்பால் பனைகள். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே வளர்க்கலாம் என்று ஒரு மாதக் குஞ்சுகள் பத்து வாங்கி வந்தேன். வனராஜா, ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தார் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனம். விற்றவர் தீவனம் பற்றிச் சொன்னார், தடுப்பூசி பற்றிச் சொன்னார். பூனை பற்றி மூச்சு விடவில்லை.

பழைய இரும்புக் கட்டில் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி நாலு பக்கமும் கோழிவலை கட்டினேன். அறுகோணக் கண்ணோடு கடையில் சுருளாக விற்பார்களே, அது. உள்ளே பத்தையும் விட்டு, பூட்டும் போட்டுவிட்டுத்தான் படுத்தேன். காலையில் எண்ணினால் எட்டு. மற்ற இரண்டும் வலையோரம் செத்துக் கிடந்தன. ஒன்றுக்குக் கால் இல்லை, ஒன்றுக்குத் தலை இல்லை. வலை கிழியவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். "என்ன தம்பி, கோழிக்கு வீடு கெட்டுனியளா, பூனைக்குப் பந்தி வச்சியளா?" என்றார்.

பூனை உள்ளே வரவே தேவையில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பக்கம் தாவிப் பாய்ந்து பயம் காட்டினால் போதும். குஞ்சுகள் எதிர்ப்பக்க வலையில் போய் நசுங்கிக்கொண்டு நிற்கும். கோழிக்கு இருட்டில் பார்வை சுத்தமாகப் போதாது. எங்கே ஓடுவதென்று அதற்குத் தெரியாது. பூனை சாவகாசமாகச் சுற்றி வந்து கண்ணி வழியே கையை விடும். அகப்பட்டதை இழுக்கும். கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. வெளியே இருப்பது உள்ளே கை நீட்டாமல் இருக்க வேறு வலை வேண்டும். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் சரி. அதையும் நேரே அடித்துவிடாமல், கீழே முழங்கால் உயரத்துக்குப் பலகை வைத்து அடைத்தேன். குஞ்சும் பூனையும் ஒன்றை ஒன்று பார்க்காமல் இருந்தாலே பாதிக் கலவரம் அடங்கிவிடும்.

கூண்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி தூக்கி, அடித்தளத்துக்கும் அதே மெஷ். இது பூனைக்காக அல்ல, பெருச்சாளிக்காக. அது மண்ணைக் குடைந்து அடியில் வந்து குஞ்சைப் பொந்துக்குள் இழுத்துப் போய்விடும். மேலே ஓர் இறகுகூட மிஞ்சாது. ஊரில் காணாமல் போகிற குஞ்சுக்கெல்லாம் பூனை தலையில் பழி விழுகிறது. அதில் பாதி பெருச்சாளிக் கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

பூனை ஆபத்து குஞ்சுக்குத்தான். வளர்ந்த கோழியிடம் வீட்டுப் பூனை பெரும்பாலும் வம்பு வைத்துக்கொள்ளாது. காட்டுப்பூனை கதை வேறு. அதற்கு வெருகு என்றும் பெயர். தமிழாசிரியையான என் மகள் சொல்லித்தான் தெரியும்: குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், அந்தி நேரத்தில் வேலியோரம் வெருகைக் கண்ட வீட்டுக் கோழி குஞ்சுகளைக் கூவி அழைக்கிற சத்தத்தை ஊரார் வம்புப் பேச்சுக்கு உவமை சொல்லியிருக்கிறாராம், 139ஆம் பாட்டு. அந்தம்மாவும் என்னைப் போல் வாசலில் நின்று எண்ணியிருப்பார் போலிருக்கிறது.

அந்தியில் அடைத்தால் ஆயிற்று என்று கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் பட்டப்பகல் பதினொரு மணிக்குக் கீரி வந்து முட்டையிடுகிற கோழி ஒன்றைக் கழுத்தில் கடித்துப் போட்டது. கீரி பகலில் வேட்டையாடுகிற பிராணி. உடும்பும் அப்படியே, அதற்கு முட்டை மேல்தான் கண். இரவு முறை மரநாய்க்கு. பனையிலும் ஓட்டுக்கூரையிலும் பதுங்கியிருந்து, மரத்தில் அடைகிற கோழியை அலுங்காமல் கொண்டுபோகும். எங்கள் டிப்போவில்கூட ஷிப்ட் இவ்வளவு ஒழுங்காக மாறியதில்லை.

அதனால் பகலுக்கும் ஒரு வேலி வேண்டும் என்று கூண்டையொட்டி ஒரு பட்டி கட்டினேன். சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையில் வெளிப்பக்கமாகப் படுக்க வைத்து மேலே மண் போட்டேன். தோண்ட வருகிறது எதுவும் வேலி ஓரத்தில்தான் தோண்டும். கம்பி தட்டுப்பட்டதும் சலித்துவிடும். மேலே தூத்துக்குடியிலிருந்து வாங்கிய பழைய மீன்வலை. காக்கைக்கும் பருந்துக்கும் அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். சிடி தகடு கட்டித் தொங்கவிட்டதும் உண்டு; நாலு நாளில் காக்கை அதன் மேலேயே உட்கார்ந்தது.

சேவல் ஒன்று இருப்பது நல்லது. பருந்து நிழல் தெரிந்தால் ஒரு மாதிரிச் சத்தம் போடும், தரையில் நாய் பூனை வந்தால் வேறு மாதிரிக் கொக்கரிக்கும். இது என் கற்பனை இல்லை. 1993இல் கிறிஸ்டோபர் எவன்ஸ் குழுவினர் இந்த இரண்டு சத்தங்களையும் பதிவு செய்து பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதல் சத்தத்துக்குப் பெட்டைகள் மறைவிடம் தேடின, மேலே பார்த்தன; இரண்டாவதற்கு நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தன.

பாம்பு சமாசாரம் தனி. ஆச்சி கொடுத்த நாட்டுக்கோழி அடைகாத்து இருபத்தோரு நாளில் ஒன்பது குஞ்சு பொரித்திருந்தது. பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, நாய் தள்ளாமல் இருக்க மேலே அம்மிக்கல் வைத்திருந்தேன். விடிகாலையில் தாய்க்கோழி தொண்டை கிழியக் கத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாரை. மூங்கில் இடுக்கு வழியே மெலிந்து நுழைந்தது, மூன்றை விழுங்கிவிட்டு, வீங்கிய வயிற்றோடு வெளியே போக முடியாமல் அங்கேயே சுருண்டு கிடந்தது. "கையை விட்டுராதீய தம்பி" என்று ஆச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினார். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் வந்து சாக்கில் பிடித்துப் போனார்கள்.

பஞ்சாரம் பகலுக்கு மட்டும் என்று அன்றே முடிவு செய்தேன். சிந்துகிற தீவனத்தையும் சாயங்காலமே கூட்டி அள்ளிவிடுகிறேன். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். கண்ணி வைக்கிறேன், மருந்து வைக்கிறேன் என்று சிலர் வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கீரி, உடும்பு, சாரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மருந்து யார் வாயில் போகும் என்பதையும் யாரும் சொல்ல முடியாது.

புதுக்கோழி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: வந்ததும் திறந்துவிடாதீர்கள். ஒரு வாரம் கூண்டிலேயே வைத்துத் தீனி போட்டால்தான் அது தன் வீடு என்று அதற்குப் படியும். நான் இந்த முறை மூன்றே நாளில் திறந்துவிட்டேன். நேற்று அடைகிற நேரத்தில் எண்ணினேன், பதினொன்று. பன்னிரண்டு இருக்க வேண்டும். டார்ச் அடித்துத் தேடினால் முருங்கையின் உச்சிக் கொம்பில் சிவப்புப் பெட்டை கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. மதில் மேல் ஆச்சி வீட்டுப் பூனை, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. முருங்கைக் கொம்பு ஆளைத் தாங்காது. ஏணி வாங்கத் தெருக்கோடி வரைக்கும் போக வேண்டியிருந்தது.