அந்தக் கோலி யாரு செஞ்சது? பாட்டில ஒடைக்காம வாங்க, சொல்லுறேன்

கன்னியாகுமரி மாவட்டம் இரணியல்ல இருந்து பேசுறேன் மக்கா.

2025 மார்ச்சில நம்ம கோலி சோடாவ 'கோலி பாப் சோடா'ன்னு பேரு வச்சு அமெரிக்கா, இங்கிலாந்து, வளைகுடா நாடுன்னு அனுப்புறதா, வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பு அபேடா அறிவிச்சுது. அதுல இருந்து எனக்கு வர்ற கேள்வி எல்லாம் ஒரே ஜாடைதான். "பாட்டா வீட்டுப் பரண்ல ஒரு பச்சக் கோலி கெடந்துச்சு. ராஜா காலத்துதா? எந்த நாட்டுக்காரன் செஞ்சது? என்ன வெல போகும்?" கூடவே ஒரு போட்டோ, உள்ளங்கையில கோலி மட்டும். பாட்டில் எங்கன்னு கேட்டா, "ஒடச்சுத்தான் எடுத்தோம்."

எனக்கு நெஞ்சு பதறுது மக்கா. பேரு இருந்தது பாட்டில்லதான்!

கோலி சோடா எப்படிச் செயல்படும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பெருவிரலால அமுக்கி, புஸ்ஸுன்னு கேஸ் போகக் குடிச்ச ஆளுகதானே எல்லாரும். நேரா செய்முறைக்குப் போறேன். ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர், 1872ல இந்தக் கோலி அடைப்புக்குக் காப்புரிமை வாங்குனாரு. பழைய பாட்டில்ல கோலி எப்ப உள்ள போச்சு? கழுத்துக்கு மேல வாய் இன்னும் அகலமா இருக்கும்போதே கோலியப் போட்டுருவாங்க. அதுக்கப்புறம்தான் வாயைச் சூடாக்கிச் சுருக்கி, ரப்பர் வளையம் உக்காரக் காடி எடுப்பாங்க. அதனாலதான் ஒடைக்காம கோலி வெளிய வராது.

இதுல நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்தக் கோலியும் அந்தப் பாட்டிலும் ஒரே பட்டறையில சேந்தது. கோலியில பேரு கெடையாது, தேதி கெடையாது. பாட்டில்ல இருக்கு. கண்ணாடியிலயே புடைச்ச எழுத்தா இருக்கும். யார்க்ஷயர்ல பார்ன்ஸ்லி ஊர்ல ஹோப் கிளாஸ் வொர்க்ஸ்னு ஒரு ஆலை. காட் அங்க ரைலண்ட்ஸ் குடும்பத்தோட கூட்டுச் சேந்து பாட்டில் செஞ்சாரு. 'டான் ரைலண்ட்ஸ், பார்ன்ஸ்லி'ன்னு எழுத்துள்ள பாட்டில் கெடச்சா, அதுக்குள்ள இருக்குற கோலி எந்த ஊர்ல, எந்த ஆலையில, ஏறக்குறைய எந்தக் காலத்துல பாட்டிலுக்குள்ள போச்சுன்னு ஒரே நோட்டத்துல தெரிஞ்சுரும். ஒடச்சுட்டா? வெறும் பச்ச உருண்ட. அவ்வளவுதான்.

ராஜா காலத்துக்கு வருவோம். நம்ம இரணியல்ல அரண்மன இருக்குறதால, இந்தப் பக்கம் என்ன கெடச்சாலும் ராஜாவோடதுன்னு சொல்லிருவாங்க. வேணாட்டு ராஜாக்கள் இங்க இருந்த காலம் வேற. அதுக்கப்புறம் தலைநகரமா இருந்த பத்மநாபபுரத்துல இருந்தே தலைநகரம் 1795ல திருவனந்தபுரத்துக்குப் போயாச்சு. காட் காப்புரிமை வாங்குனதுக்கு 77 வருசம் முந்தி! ஆக, இரணியல் ராஜா சோடா குடிச்சிருக்க வழியே இல்ல. ஆனா வேணாட்டுக்கு அடுத்து வந்த திருவிதாங்கூர்ல ராஜா ஆட்சி 1949 வரைக்கும் இருந்துச்சு. அந்தக் கணக்குல உங்க பாட்டா சொன்னது சரியாவும் இருக்கலாம். அவர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க.

[பச்சக் கோலியைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறார்]

இந்தப் பச்சைக்குக் காரணம் கேட்டியள்னா, கண்ணாடி செய்யுற மணல்ல இருக்குற இரும்பு. சோடா பாட்டிலுக்குச் சுத்தமான மணல் தேடிச் செலவழிக்க மாட்டாங்க. அதனால லேசாப் பச்சயும் நீலமும் கலந்த நிறம் தானா வந்துரும். நிறத்த வச்சு நாடு சொல்ல முடியாது. நிறத்த வச்சு வெலயும் சொல்ல முடியாது. பாட்டில், பாட்டில்.

மணல்னு சொன்னதும் ஒண்ணு சொல்லாம போக முடியாது. நம்ம மணவாளக்குறிச்சி பக்கத்துலதானே இருக்கு. 1909ல ஷாம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர், இங்க இருந்து போன கயித்துல ஒட்டியிருந்த மணலப் பாத்து மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. யோசிச்சுப் பாருங்க, நம்ம பொம்பளைங்க திரிச்ச கயிறு! அந்த மோனசைட்ல சீரியம் இருக்கு, நியோடிமியம் இருக்கு. சீரியம் ஆக்சைடு கண்ணாடியப் பாலிஷ் போட ஒதவும், இரும்பால வர்ற பச்சயக் குறைக்கவும் ஒதவும். நியோடிமியம் சேத்த கண்ணாடி வெயில்ல கத்தரிப்பூ நிறத்துல இருக்கும், டியூப்லைட்டுக்குக் கீழ கொண்டுவந்தா நீலமா மாறிரும். அப்படி ஒரு கோலி உங்ககிட்ட இருந்தா, அத என்கிட்ட காட்டாம வித்துராதீங்க! நம்ம கடற்கரை மணல்ல கண்ணாடிக்கு இவ்வளவு சரக்கு கெடக்கு, பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரும் எனக்கு இதச் சொல்லல. சொல்லியிருக்கணும்.

சரி, சோடாவுல வராத, வெளையாட்டுக்குன்னே செஞ்ச கோலி. உள்ள கலர் சுருள் ஓடும்ல, அது. இதுல கையால செஞ்சதா, மிஷின்ல செஞ்சதான்னுதான் முதல்ல பாக்கணும். ஜெர்மனியில துரிங்கியா மலப் பக்கம் லாவுஷான்னு ஒரு ஊரு. 1840கள் கடைசியில அங்க கோலி செய்யன்னே ஒரு கத்திரிக்கோல் வந்துச்சு. கண்ணாடிக் கம்பிய உருக்கி, அதுல வச்சு உருட்டி வெட்டுவாங்க. வெட்டுன எடத்துல சொரசொரப்பா ஒரு தழும்பு நிக்கும். பெரும்பாலும் ரெண்டு முனையிலயும் இருக்கும். நகத்தால தடவுனா தட்டுப்படும். அமெரிக்காவுல ஆக்ரன் ஊர்ல மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905ல மிஷினுக்குக் காப்புரிமை வாங்குனாரு. அதுல தழும்பு நிக்காது, வழவழப்பா உருண்டு வரும். 1914ல முதல் உலகப்போர் வந்து ஜெர்மன் சரக்கு நின்னதும், அதே ஆக்ரன்ல தொடங்குன ஆக்ரோ அகேட் மாதிரி கம்பெனிக சந்தையப் புடிச்சுட்டு. தெளிஞ்ச கண்ணாடிக்குள்ள பூன கண்ணு மாதிரி ஒரு இதழ் நிக்கும்ல, நாமெல்லாம் பேந்தா வெளையாடுனது, அது ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் ஜப்பான்காரங்க பரப்புனது. அதுக்கு நூறு வருசம்னு எவராவது வெல சொன்னா, காசக் குடுக்காதீங்க.

'இண்டியன்'னு பேரு போட்டு வெளிநாட்டுல ஒரு ரகம் விக்கும். கறுப்புக் கண்ணாடி மேல கலர் வரி. இந்தியாவுல செஞ்சதுன்னு நெனச்சு ஆசைப்படாதீங்க, அதுவும் ஜெர்மன் கைவேலதான். நம்ம நாட்டுல செஞ்சது வேணும்னா உத்தரப்பிரதேசத்துல சாஸ்னின்னு ஒரு ஊரு, கண்டேல்வால் கிளாஸ் வொர்க்ஸ். மத்தவங்க கைவிட்ட பெறகும் கோலி சோடா பாட்டில் செஞ்ச ஆலை. நம்ம ஊரு பெட்டிக்கடையில அடுக்கி வச்சிருந்த பாட்டில்ல அந்த ஆலைச் சரக்கு இருக்கலாம். அதுக்கு வெளிநாட்டு மவுசு இல்லைங்கிறதுக்காக ஆக்கர்கடையில எடைக்குப் போடுறாங்க பாத்தியளா, அது எனக்குத் தாங்க முடியல. லண்டன் பாட்டில அலமாரியில வைக்கிற நாம, நம்ம ஆலைப் பாட்டில ஏன் வைக்கக் கூடாது? அதுவும் ஒடைக்காம வச்சாத்தான் எழுத்து நிக்கும்.

நேரம் ஆயிட்டு. முக்கியமானத வேகமாச் சொல்லிருறேன், வேணும்னா நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிடுங்க. பழசு வாங்கும்போது பாட்டில் அடியப் பாருங்க. பல வருசம் கல்லு மேல, மரப்பெட்டியில ஒரசுன தேய்மானம் இருக்கணும். அடி பளபளன்னு இருந்தா அலங்காரத்துக்குச் செஞ்ச புதுசு. அடர் நீலப் பாட்டில்னா ரெண்டு மடங்கு சந்தேகப்படுங்க, நகல் அதுலதான் ஜாஸ்தி. வாயில பிளாஸ்டிக் மூடி இருந்தா இந்தக் காலத்துது. புற ஊதா டார்ச் அடிச்சு பச்சயாப் பளீர்னு எரிஞ்சா யுரேனியம் கலந்த கண்ணாடி. மங்கலா எரிஞ்சா மாங்கனீசா இருக்கலாம், உடனே யுரேனியம்னு சொல்லி வித்துராதீங்க. டார்ச்ச கண்ணுல அடிக்காதீங்க, புள்ளைங்க கையில குடுக்காதீங்க. கோலியில கீறல் இருந்தா பாலிஷ் போடாதீங்க. தழும்பும் போயிரும், மதிப்பும் போயிரும். பாட்டில்ல அழுக்கு இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில ராத்திரி ஊறப் போடுங்க, கொதிக்குற தண்ணி ஊத்துனா விரிசல் விடும். உள்ள மணல் போட்டுக் குலுக்காதீங்க, கோலி கீறிரும்.

எனக்குப் போட்டோ அனுப்புறவங்க நாலு அனுப்புங்க. முழுப் பாட்டில், எழுத்து இருக்குற பக்கம், அடி, வாய். எழுத்து தெரியலேன்னா உள்ள கறுப்புத் துணியத் திணிக்காதீங்க, கோலி மாட்டிக்கிடும். பாட்டிலுக்குப் பின்னால கறுப்புத் தாள் வச்சு, சைடுல இருந்து லைட் அடிச்சு எடுங்க. தனிக் கோலியா இருந்தா பக்கத்துல ஸ்கேல் வச்சு, தழும்பு இருக்குற முனைய மேல திருப்பி எடுங்க. எங்க கெடச்சதுன்னு ஊர் பேரையும், முன்னால யார் கையில இருந்துதுன்னும் எழுதிப் போடுங்க. அடுத்த வாரம் அதையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாப்போம்.